26 என்றால் எந்த 26? பிரேக் ரீச் அளந்து காலிப்பர் பொருத்த முழு வழிகாட்டி

சித்தப்பாவின் பழைய சைக்கிளுக்குப் போன வருஷம் ரிம் மாற்றினேன். அவர் வீடு காசிமேட்டில், வாசலில் நின்றாலே துறைமுகத்து மீன் வாடை முகத்தில் அடிக்கும். அந்த உப்புக்காற்றில் குரோம் ரிம் இரண்டும் துரு ஏறி, விரலால் தடவினால் தகடு தகடாக உதிர்ந்தது. ஒரு கடையில் போய் 26 இஞ்ச் அலுமினிய ரிம் ஒரு ஜோடி என்று கேட்டேன், கொடுத்தார்கள், டயரும் 26 என்றே போட்டிருந்தது. சக்கரம் கட்டி மாட்டியாயிற்று, பார்க்க ஜோராக இருந்தது. பிரேக்கைப் பிடித்தால்தான் வினை: பிரேக் கட்டை ரிம்மைத் தொடாமல் டயரின் கன்னத்தைப் போய்க் கடித்தது. மெக்கானிக் கட்டையை அதன் ஸ்லாட்டின் அடிமட்டம் வரை இறக்கி முறுக்கிவிட்டு, "தோ பார் தம்பி, இருபத்தாறுன்னா இருபத்தாறுதான், இதுல இன்னா கீது? ஓட்டு, தானா செட்டாயிடும்" என்றார். நானும் நம்பி ஓட்டினேன். ஒன்பதாவது நாள் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் தாண்டிப் பத்தடி கூடப் போயிருக்க மாட்டேன், பின் டயர் பட்டென்று வெடித்தது. கழற்றிப் பார்த்தால் டயரின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குப் பிளேடால் கீறிய மாதிரி ஒரே கோடு.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் சொன்னதைத்தான் ஊரே சொல்கிறது. ஆனால் பிரேக் வாங்குவதில் 26, 27, 28 என்ற எண்களுக்கு மதிப்பே கிடையாது. பிரேக் மாட்டும் ஓட்டையிலிருந்து ரிம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் கணக்கு. அதை நாமே அளந்து, எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது எப்படி என்று மெதுவாகச் சொல்கிறேன். ஸ்டீல் ஸ்கேல் ஒன்று, கொஞ்சம் பேப்பர் டேப், நீளமான 6 மி.மீ. போல்ட்டு ஒன்று, ஸ்பேனர், எல் கீ, இவ்வளவு போதும்.

ரீச் என்பது எது

காலிப்பர் பிரேக் என்றால் நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு கைகள் இருபக்கமும் இறங்கி ரிம்மைக் கவ்வுமே, அது. நடுவில் ஒரு போல்ட்டு அதை முன்பக்கம் ஃபோர்க் தலையிலும், பின்பக்கம் சீட்டுக்குக் கீழே இறங்கும் இரண்டு குழாய்களை இணைக்கும் குறுக்குப் பாலத்திலும் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த போல்ட்டின் மையத்திலிருந்து நேர் கீழே, கட்டையின் மையம் வரை உள்ள தூரம்தான் ரீச். கட்டையை மேலே கீழே நகர்த்த கையில் நீளமான ஸ்லாட் இருப்பதால் ரீச் ஒற்றை எண்ணாக இல்லாமல் ஒரு வீச்சாக இருக்கும், 39 முதல் 49 மி.மீ., 47 முதல் 57 மி.மீ. என்பது போல.

நம் சைக்கிளிலும் அதே மாதிரி ஒரு தூரம் இருக்கிறது. ஓட்டையின் மையத்திலிருந்து ரிம்மில் கட்டை உரச வேண்டிய பட்டையின் மையம் வரை. இந்த எண் அந்த வீச்சுக்குள் விழ வேண்டும். விழவில்லை என்றால் எவ்வளவு விலை உயர்ந்த பிரேக்காக இருந்தாலும் சும்மா தொங்கவிடத்தான் ஆகும்.

டிஸ்க் பிரேக் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இத்தோடு கிளம்பிவிடலாம். பால்காரர் ஓட்டும் கனமான 28 இஞ்ச் வண்டியில் கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி ஓடுமே, அந்த ராடு பிரேக்குக்கும் இது பொருந்தாது. அதில் கட்டைகள் ரிம்மின் உள்பக்கத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும், ரிம்மின் பக்கமும் உருண்டையாக இருக்கும். காலிப்பர் கவ்வ அங்கே தட்டையான இடமே இல்லை. ரிம்மின் இருபக்கமும் தனித்தனிக் கையாக நிற்கும் வி-பிரேக் மாட்டும் வண்டியில் அந்தக் கைகள் உட்காரும் முளைகள் ஃபோர்க்கிலேயே வெல்டு ஆகியிருக்கும், அதில் ரிம் அளவை மாற்றும் ஆசையையே விட்டுவிடுங்கள்.

முதலில் டயரின் கன்னத்தைப் படியுங்கள்

டயரில் பெரிதாக அச்சடித்த 26 x 1 3/8 என்பதை விட்டுவிட்டுப் பக்கத்தில் பொடி எழுத்தில் 37-590 என்பது மாதிரி ஒன்று இருக்கும், ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டரில். நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது எண்.

நம் ஊரில் அடிக்கடி கையில் படுபவை இவை: மலை சைக்கிள் 26க்கு 559, பழைய ஒல்லி 26 x 1 3/8க்கு 590, 27.5 என்று விற்பதற்கு 584, 700சிக்கு 622, பழைய ரேசிங் 27 இஞ்சுக்கு 630, பால்கார வண்டியின் 28 x 1 1/2க்கு 635. கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள், 27.5 என்று பெயர் வைத்திருப்பது பழைய 26ஐ விடச் சின்னது! 27 இஞ்ச் 700சியை விடப் பெரியது. இந்தப் பெயர்களெல்லாம் ஒரு காலத்தில் டயரின் வெளிவிட்டத்தை உத்தேசமாகச் சொல்ல வைத்தவை, டயர்கள் ஒல்லியாகவும் குண்டாகவும் மாறி மாறி வந்ததில் பெயர் ஒரு பக்கமும் அளவு ஒரு பக்கமும் போய்விட்டன.

என் கதைக்கு வந்தால், கழற்றிய ரிம் 590, மாட்டிய ரிம் 559. விட்டத்தில் 31 மி.மீ. குறைவு, ஆரத்தில் அதில் பாதி, 15.5 மி.மீ. ரிம் அவ்வளவு தூரம் கீழே இறங்கிவிட்டது, பிரேக் இருந்த இடத்திலேயே இருந்தது. கட்டை டயரைக் கடிக்காமல் வேறு எதைக் கடிக்கும்?

சக்கரத்தை உட்கார வைத்தல்

அளப்பதற்கு முன் சக்கரத்தைக் கழற்றித் திரும்ப மாட்டுங்கள். சைக்கிளைத் தரையில் நிறுத்தி, மேலிருந்து ஹேண்டிலை அழுத்திக்கொண்டு நட்டை முறுக்கினால் அச்சு இரண்டு பக்கமும் ஃபோர்க் முனையின் பள்ளத்தில் முழுசாக உட்காரும். ஸ்டாண்டு போட்டுத் தூக்கி வைத்து முறுக்கினால் ஒரு பக்கம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தொங்கிப்போகும், அந்தத் தப்பு அளவிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கோட்டம் இருந்தால் முதலில் கோட்டம் எடுத்துவிடுங்கள், அதுவும் மேலும் கீழுமாகத் துள்ளும் கோட்டம் என்றால் கட்டாயம். காற்றையும் நிறைய அடித்துவிடுங்கள், டயர் இடைவெளி பார்க்கும்போது தேவைப்படும்.

முன்பக்கம் அளப்பது

இருக்கிற பிரேக்கைக் கழற்றுங்கள். ஃபோர்க் தலையின் ஓட்டையில் அந்த நீளமான 6 மி.மீ. போல்ட்டை முன்பக்கம் மூன்று நான்கு செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி செருகுங்கள். அது ஆடினால் பேப்பர் டேப்பை ஒரு சுற்று சுற்றிச் செருகினால் நிற்கும்.

இனி ரிம். பக்கவாட்டில் கட்டை உரசும் தட்டையான பட்டை தெரியும், பழைய ரிம்மில் அது பளபளவென்று தேய்ந்திருக்கும். அந்தப் பட்டையின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, மேல் விளிம்பு எங்கே, கீழ் விளிம்பு எங்கே என்று பேனாவால் இரண்டு கோடு, நடுவில் ஒரு கோடு. அந்த இடம் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டுக்கு நேர் கீழே வரும்படி சக்கரத்தைச் சுற்றி நிறுத்துங்கள்.

சைக்கிளின் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்துகொள்ளுங்கள். கண் ரிம்மின் மட்டத்தில் இருக்க வேண்டும், நின்றபடி எட்டிப் பார்த்தால் மூன்று மில்லிமீட்டர் பிசகும். ஸ்கேலை போல்ட்டை ஒட்டி, ஃபோர்க் காலுக்கு இணையாகப் பிடியுங்கள். ஃபோர்க் சாய்ந்திருப்பதால் ஸ்கேலும் அதே அளவு சாய்ந்திருக்கும், தரைக்கு நேர்செங்குத்தாகப் பிடித்தால் தப்பு. பள்ளிக்கூடத்துப் பிளாஸ்டிக் ஸ்கேல் என்றால் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருக்கும், அதனால் 10 மி.மீ. கோட்டைப் போல்ட்டின் அடி விளிம்பில் வைத்து அளந்து, வந்ததில் 10 கழியுங்கள். அப்புறம் போல்ட்டின் பாதித் தடிமனான 3 மி.மீ.யைக் கூட்டுங்கள். நடுக்கோட்டுக்கு வந்த எண்தான் உங்கள் முன் ரீச்.

மூன்று தடவை அளந்து பாருங்கள். மூன்றும் ஒரு மில்லிமீட்டருக்குள் வந்தால் சரி. சித்தப்பாவின் சைக்கிளில் பழைய ரிம்மைத் திரும்ப மாட்டி அளந்தபோது முன்பக்கம் 58 வந்தது.

பின்பக்கம் கொஞ்சம் வில்லங்கம்

பின்பக்கமும் அதே முறைதான், குறுக்குப் பாலத்து ஓட்டையிலிருந்து ரிம் வரை, ஸ்கேல் சீட்டுப் பக்கத்துக் குழாய்க்கு இணையாக. ஆனால் முன்பக்க எண்ணே பின்பக்கமும் இருக்கும் என்று நினைக்காதீர்கள், பழைய ஃப்ரேம்களில் பின்பக்கம் சில மில்லிமீட்டர் கூட இருப்பது சாதாரணம். எனக்கு 62.

வில்லங்கம் எங்கே என்றால், கியர் இல்லாத வண்டிகளில் பின் அச்சு உட்காரும் பள்ளம் கிடையாக நீண்டிருக்கும். செயின் தளர்ந்தால் சக்கரத்தைப் பின்னால் இழுத்து முறுக்குவோம் இல்லையா, அப்போது ரிம் பாலத்தை விட்டு விலகிப் போகிறது. சீட்டுக் குழாய்கள் சாய்வாக இறங்குவதால், அச்சை 1 செ.மீ. பின்னால் இழுத்தால் ரீச் ஏறத்தாழ 4, 5 மி.மீ. கூடிவிடும். எனவே செயினைச் சரியான விறைப்பில் வைத்து ஒரு அளவு, சக்கரத்தைப் பள்ளத்தின் கடைசிவரை இழுத்து இன்னொரு அளவு, இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும் காலிப்பர் இரண்டையும் தொட முடிந்தால் நல்லது. செயின் தேயத் தேயப் பின் கட்டைகள் தானாக டயர் பக்கம் ஏறிக்கொண்டே போவதாகத் தோன்றும், உண்மையில் ரிம்தான் நழுவிப் போகிறது. செயின் இழுத்த அன்றைக்கே கட்டையையும் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. எனக்கும் இருந்ததில்லை.

ரிம் அளவை மாற்றப் போகிறீர்கள் என்றால்

புது ரிம் வாங்கி, சக்கரம் கட்டி, அப்புறம் அளந்து அவதிப்பட வேண்டாம். இருக்கிற ரிம்மை வைத்து அளந்துவிட்டு, பழைய விட்டத்திலிருந்து புது விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கி அதைக் கூட்டுங்கள். ரிம் பெரிதானால் கழியுங்கள்.

என் எண்கள் 58ம் 62ம், ரிம் 590. 559 போட்டால் முன்பக்கம் 73.5, பின்பக்கம் 77.5. 584 போட்டால் 61, 65. 622 போட்டால் 42, 46. ஒரு காகிதத்தில் இதை எழுதிப் பார்த்தபோதுதான், ஒன்பது நாள் நான் எதன் மேல் உட்கார்ந்து எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போய்வந்தேன் என்று உறைத்தது.

கடையில் என்ன கிடைக்கும்

இன்றைய ரேசிங் சைக்கிள் காலிப்பர்கள் பெரும்பாலும் 39 முதல் 49 மி.மீ. அடுத்த அளவு 47 முதல் 57. இதை ஒருவர் 'லாங்' என்பார், இன்னொருவர் 'ஸ்டாண்டர்டு' என்பார், வேறொருவர் 'மீடியம்' என்பார், அந்தப் பெயர்களைக் காதில் போட்டுக்கொள்ளாமல் எண்ணை மட்டும் கேளுங்கள். அதற்கு மேல் டெக்ட்ரோ கம்பெனியின் ஆர்559 (இது மாடல் பெயர், ரிம்மின் 559 இல்லை) போன்றவை 55 முதல் 73 வரை எட்டும். பழைய இரும்புக் காலிப்பர்களில் எல்லா நீளமும் உண்டு, பெட்டியும் இருக்காது, எண்ணும் இருக்காது.

எதற்கும் இருக்கட்டும் என்று நீளமானதையே வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். காலிப்பர் ஒரு நெம்புகோல். கேபிள் இழுக்கும் மேல்கை அப்படியே இருக்க, கட்டை இருக்கும் கீழ்க்கை நீண்டால் ரிம்மில் விழும் அழுத்தம் குறையும். ஒரே காலிப்பரில் கட்டையை 47லிருந்து 57க்கு இறக்கினால் அழுத்தம் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடுகிறது, போதாததற்கு நீண்ட கை வளையவும் செய்யும். லீவரைப் பிடிக்கும்போது பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்று சொல்வது பாதி இதனால்தான். ஆகவே உங்கள் எண்ணைத் தொடக்கூடியவற்றில் கை எது குட்டையோ அதை வாங்குங்கள், கட்டை ஸ்லாட்டின் மேல்பாதியில் உட்கார்ந்தால் உத்தமம். அதே சமயம் ஸ்லாட்டின் கடைசி ஒரு மில்லிமீட்டரில் தொங்கும் பொருத்தமும் வேண்டாம், ரிம்மின் பட்டை ஒவ்வொரு கம்பெனியிலும் கொஞ்சம் ஏறி இறங்கியிருக்கும்.

இப்போது என் கணக்கு புரியும். 559 ரிம்முக்கு வேண்டிய 73.5, 77.5 இரண்டுமே 73ஐத் தாண்டிவிட்டன. முன்பக்கம் அரை மில்லிமீட்டர்தானே, அரம் போட்டு ஸ்லாட்டை ராவிவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் சொல்வார், ஓட்டப்போவது நான். ஸ்லாட்டின் அடியில் இருப்பதே கொஞ்சம் உலோகம், அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது முழு விசையும் அதன் மேல்தான் விழுகிறது.

டயருக்கும் மட்காடுக்கும் இடம்

ரீச் பொருந்தினாலும் டயர் தலை இடிக்கலாம். சுலபமான உத்தேசக் கணக்கு ஒன்று: ரிம்மில் கட்டை உரசும் இடத்திலிருந்து டயரின் உச்சி கிட்டத்தட்ட டயரின் அகலம் அளவுக்கு மேலே இருக்கும். ஆக ரீச்சில் டயர் அகலத்தைக் கழித்தால், போல்ட்டின் மையத்துக்கும் டயருக்கும் நடுவில் மிஞ்சும் இடம் வரும். அதற்குள் காலிப்பரின் உடம்பும் வேண்டும், மட்காடும் வேண்டும், கொஞ்சம் காற்றும் வேண்டும். 49 ரீச்சில் 28 டயர் போட்டால் மிஞ்சுவது 21, மட்காடு இல்லாமல் நிம்மதியாக ஓடும். 584 யோசனை எனக்கு இங்கேதான் செத்தது. ரீச் 61, கடையில் கிடைத்த டயர் 50 அகலம், மிஞ்சுவது 11. அதில் காலிப்பர் உடம்பே அடங்காது.

622ம் இப்படியே. 42ல் 25 டயர் போட்டால் 17 மிஞ்சும், மாட்டலாம். ஆனால் மட்காடு போகும், மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் மட்காடு இல்லாமல் போய்ப் பாருங்கள், முதுகெல்லாம் ஓவியம். லாரி போய்ப் போய் பிளந்த சாலையில் 25 டயர் ஓட்டும் வயசும் சித்தப்பாவுக்கு இல்லை. கடைசியில் மூன்று வாரம் அலைந்து 590லேயே ஒரு ஜோடி அலுமினிய ரிம் கிடைத்தது. 55 முதல் 73 காலிப்பரில் 58ம் 62ம் மேல்பாதியிலேயே உட்கார்ந்துவிட்டன. இரும்பு ரிம்மோடு ஒப்பிட்டால் மழையில் அலுமினியத்தின் பிடி எங்கேயோ இருக்கிறது. நனைந்த குரோம் ரிம்மில் பிரேக் பிடிப்பது என்பது பெரும்பாலும் சாமி கும்பிடுவதுதான்.

போல்ட்டு வகை

இதில் கோட்டை விட்டால் ரீச் சரியாக இருந்தும் காலிப்பர் மாட்டாது. பழைய முறையில் 6 மி.மீ. போல்ட்டு ஃபோர்க்கைத் துளைத்து வெளியே வந்து, பின்னால் 10 நம்பர் ஸ்பேனர் போடும் நட்டு இருக்கும். புது முறையில் நட்டு ஒரு சின்னக் குழல் மாதிரி ஓட்டைக்குள்ளேயே புதைந்திருக்கும், 5 மி.மீ. எல் கீயால் முறுக்குவது. அதற்கு ஃபோர்க்கின் பின்பக்க ஓட்டை 8 மி.மீ. வேண்டும். உங்கள் ஓட்டையைப் பின்பக்கமிருந்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பழைய இரும்பு ஃபோர்க்கில் பின்பக்கச் சுவரை மட்டும் 8 ஆகப் பெருக்கலாம், முன்பக்கச் சுவர் 6 ஆகவே இருக்க வேண்டும். இதற்கு ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் ஏதாவது ஒரு லேத்துப் பட்டறையில் கொடுத்தால் ஐந்து நிமிஷ வேலை, முன்சுவரைத் தொட வேண்டாம் என்று பக்கத்திலேயே நின்று சொல்லுங்கள். கார்பன் ஃபோர்க்கில் டிரில் என்ற பேச்சே கூடாது.

முன் போல்ட்டு நீளம், பின் போல்ட்டு குட்டை. பெட்டியில் முன், பின் என்று தனித்தனியாக வரும், மாற்றி வாங்கிவிடாதீர்கள். பாலம் உருண்டைக் குழாயாக இருந்தால் ஒரு பக்கம் குழிந்த வாஷர் இருக்க வேண்டும், தட்டை வாஷர் போட்டால் காலிப்பர் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும்.

கடையில் ஸ்கேலை எடுங்கள்

கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை. காலிப்பரின் போல்ட்டு மையத்திலிருந்து ஸ்லாட்டின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் அளங்கள். மேல் விளிம்பு எண்ணோடு 3 கூட்டி, கீழ் விளிம்பு எண்ணில் 3 கழிக்க வேண்டும், ஏனென்றால் கட்டையின் போல்ட்டுக்கே 6 மி.மீ. தடிமன் உண்டு, அதன் மையம் விளிம்பு வரை போகாது. 52ம் 76ம் வந்தால் உண்மையான வீச்சு 55 முதல் 73. இதை மறந்து ஸ்லாட்டின் முழு நீளத்தையும் நம்பி வாங்கியவர்கள் நிறைய பேர்.

லீவரையும் ஒரு பார்வை பாருங்கள். வி-பிரேக் லீவர் கேபிளை ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுக்கும். அதைக் காலிப்பரோடு சேர்த்தால் கட்டை சட்டென்று ரிம்மில் மோதும், அதற்கு மேல் எவ்வளவு பிடித்தாலும் மரக்கட்டையைப் பிடித்த மாதிரி இருக்கும், வண்டி நிற்காது.

மாட்டுவது

காலிப்பரைச் செருகி நட்டை விரலால் முறுக்கி, கையால் இரண்டு கட்டைகளையும் ரிம்மோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கினால் காலிப்பர் தானாக நடுவில் வந்து நிற்கும். எவ்வளவு இறுக்குகிறோம் என்று எண்ணில் காட்டும் டார்க் ஸ்பேனர் வைத்திருந்தால் ஷிமானோ காலிப்பர் மாட்டும் நட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர், கட்டைக்கு 5 முதல் 7, கேபிளுக்கு 6 முதல் 8. இல்லாதவர்கள் குட்டை எல் கீயை விரல்களால் நன்றாக இறுக்கினால் போதும், மேலே ஏறி நிற்க வேண்டாம்.

கட்டையில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். கட்டை வைக்கும் உலோகக் கூட்டின் ஒரு முனை திறந்திருந்தால், மூடிய முனை சைக்கிள் போகும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் முதல் பெரிய பிரேக்கில் ரப்பர் வழுக்கி வெளியே பறந்துவிடும், இது கதை கிடையாது, நான் ரோட்டில் பொறுக்கியிருக்கிறேன். கட்டையின் மேல் விளிம்பு ரிம் பட்டையின் மேல் விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டராவது கீழே நிற்கட்டும். கீழ் விளிம்பும் பட்டைக்குள் இருக்கட்டும். டயரைத் தொட்டால் டயர் அறுபடும், கீழே நழுவினால் கட்டை ரிம்மைத் தாண்டி ஸ்போக்ஸில் நுழையும். முன் சக்கரத்தில் அப்படி நுழைந்தால் ஹேண்டிலுக்கு மேலே பறப்பதுதான். கட்டையின் பின் முனையில் ஒரு விசிட்டிங் கார்டை வைத்து, லீவரைப் பிடித்துக்கொண்டு இறுக்கினால் முன்முனை முதலில் தொடும், கீச்சுச் சத்தமும் அடங்கும்.

தேய்மானத்தையும் யோசித்து வையுங்கள். நடு போல்ட்டையே அச்சாகக் கொண்டு ஆடும் பழைய காலிப்பரில் கட்டை உள்ளே வர வரக் கொஞ்சம் கீழே இறங்கும், அதனால் ஆரம்பத்தில் ஒரு மயிரிழை மேலே வைக்கலாம். இரட்டை அச்சுள்ள புதுக் காலிப்பரில் பக்கத்து அச்சில் ஆடும் கை மட்டும் டயரை நோக்கி மேலே ஏறும், அந்தப் பக்கத்துக் கட்டையைக் கொஞ்சம் தாழ்த்தியே வையுங்கள்.

எட்டவே எட்டாவிட்டால்

காலிப்பரைக் கீழே இறக்கி மாட்ட ஒரு தகட்டுத் துண்டு செய்துகொள்வது பழைய வழக்கம். பின்பக்கம், தடித்த இரும்பில், சரியாகச் செய்தது என்றால் சகித்துக்கொள்ளலாம். முன்பக்கம் செய்யாதீர்கள், பிரேக் பிடிக்கும் விசையில் பெரும்பங்கு முன் சக்கரத்தில்தான் விழுகிறது, தகடு முறுக்கினால் காலிப்பரே சுழன்று டயருக்குள் இறங்கும். சரியான விட்டத்தில் ரிம் தேடுவதே மலிவான வழி, என்னைப் போல மூன்று வாரம் ஆனாலும்.

ஓட்டிப் பார்ப்பது

சைக்கிளில் ஏறாமல் முதலில் தள்ளிப் பாருங்கள். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து முன்னால் தள்ளினால் பின் சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும், லீவர் ஹேண்டிலைத் தொடக்கூடாது. லீவரை முழு பலத்தோடு பத்துத் தடவை பிடித்துவிட்டு, குனிந்து நான்கு கட்டையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் காலி ரோட்டில் மெதுவாக, அப்புறம் கொஞ்சம் வேகமாக. ஒரு வாரம் கழித்து எல்லா நட்டையும் இன்னொரு தடவை இறுக்குங்கள், கேபிள் தன் நீளத்தைக் கொஞ்சம் விட்டிருக்கும்.

சித்தப்பாவின் சைக்கிள் சீட்டுக்கு அடியில் வெள்ளை பெயின்ட்டில் மூன்று எண் எழுதிவைத்திருக்கிறேன்: 590, முன் 58, பின் 62. அடுத்த மாதமே பின் டயர் மாற்ற அவர் தனியாகக் கடைக்குப் போயிருக்கிறார், 26 என்று எடுத்துக் கொடுத்ததை வாங்காமல் சைக்கிளையே கவிழ்த்துக் காட்டி, இந்த நம்பர் டயர் இருந்தால் கொடு என்று கேட்டாராம்.